வீட்டில் ஒருவருக்கு மறதி நோய் என்று தெரிந்ததும் எதை முதலில் செய்வது?

அம்மா முப்பத்திரண்டு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஒரு நாள் பென்ஷன் பணம் எடுக்கக் காசோலையில் கையெழுத்துப் போட ஆரம்பித்தவர், பாதியில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அடுத்து என்ன எழுத்துடி?" என்றார்.

டாக்டர் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று சொல்லி அதற்குள் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருடமும் மருத்துவமனை, ஸ்கேன், இரண்டாவது டாக்டர், மூன்றாவது டாக்டர் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். வங்கிப் பக்கமோ வக்கீல் பக்கமோ போகவே இல்லை. அம்மா தானாக யோசித்து, புரிந்து, கையெழுத்துப் போடக்கூடிய மாதங்கள் அப்படியே கைவிட்டுப் போயின. அதற்கான பாட்டை அடுத்த இரண்டு வருடம் பட்டோம். இப்போதுதான் தெரியவந்து திகைத்துப்போய் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது திருச்சி. செலவுக் கணக்கெல்லாம் எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்.

1. மறதி நோய்தானா என்று உறுதிசெய்யுங்கள்

வயதானால் மறதி வரும் என்று விட்டுவிடாதீர்கள். அதே சமயம், டாக்டரைப் பார்க்கும் முன்பே டிமென்ஷியா என்று முடிவுகட்டியும் விடாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மனச்சோர்வு, எப்போதோ கீழே விழுந்ததில் மண்டையோட்டுக்குள் மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தம் என்று, பார்க்க மறதி நோய் போலவே இருந்து, வைத்தியத்தில் தேறக்கூடிய காரணங்கள் பல உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் தரும் சில பழைய மாத்திரைகள், சில தூக்க மாத்திரைகள், சிறுநீர் அடிக்கடி வராமலிருக்கத் தரும் சில மாத்திரைகள் கூட வயதானவர்களைக் குழப்பிவிடும். அதனால் முதல் தடவை போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் அல்லது முதியோர் நல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் செலவே இல்லாமல் பார்க்கலாம். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையிலும் முதியோருக்குத் தனிப் பிரிவு உண்டு.

போகும் முன் ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள். "மறக்கிறார்" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடாது. "செவ்வாய்க்கிழமை ரசத்தில் மூன்று தடவை உப்புப் போட்டார்", "பத்து வருடமாகப் போகும் கோவிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார்" என்று எழுதினால் பிடிபடும். அம்மாவை வைத்துக்கொண்டே அவர் குறைகளை அடுக்காதீர்கள். நோட்டை டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா முன்னால் அப்படிப் பேசி, அன்று மாலை முழுவதும் அவர் அழுததை நான் மறக்கவில்லை.

டாக்டர் கடிகாரம் வரையச் சொல்வார், ஐந்து சொல்லைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்பார். ரத்தப் பரிசோதனைகளும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யும் எழுதுவார். தனியாரில் எங்களுக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 11,000 ரூபாய் ஆனது.

மருந்து பற்றி ஒன்று. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் போன்றவை நோயைக் குணப்படுத்துபவை அல்ல. சிலருக்குக் கொஞ்ச காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். டோனெபெசில் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது, ஆகவே ஆரம்பிக்கும் முன் ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கோ இரவில் பயங்கரக் கனவோ வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றியதும் கனவு நின்றது. "மூன்றே மாதத்தில் ஞாபக சக்தி திரும்பும்" என்று ஒருவர் கொடுத்த பொடிக்கு நாங்கள் 18,000 ரூபாய் கொடுத்தோம். நீங்கள் கொடுக்காதீர்கள்.

2. ஒரே கோப்பு, மூன்று நகல்

நோய் உறுதியான அந்த வாரமே ஒரு பெரிய கோப்பு வாங்குங்கள். ஆதார், பான், ஓய்வூதியப் புத்தகம், வங்கிப் பாஸ்புத்தகங்கள், வைப்புத்தொகை ரசீதுகள், எல்.ஐ.சி. பத்திரம், வீட்டுப் பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, மருத்துவக் காப்பீட்டு அட்டை, அப்பா இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் எல்லாம் அதில் வரட்டும். எங்கே எது இருக்கிறது என்று உங்கள் அம்மா அப்பாவுக்கு இன்றைக்கு ஞாபகம் இருக்கும். ஆறு மாதம் கழித்து இருக்காது. எங்கள் வீட்டு மூலப் பத்திரம் அரிசி டிரம்முக்கு அடியில் இருந்தது, தேடி எடுக்க எட்டு மாதம் ஆனது.

ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்று உடனே பாருங்கள். ஆதாரை வைத்துச் செய்யும் வேலைகளுக்கான ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். அது அப்பாவின் பழைய எண்ணாகவோ யாரிடமும் இல்லாத எண்ணாகவோ இருந்தால், அவர் நடமாட்டமாக இருக்கும்போதே ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய் மாற்றிவிடுங்கள். வயதானவர்களுக்கு விரல்ரேகை தேய்ந்திருக்கும். கருவிழிப் பதிவு வைத்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

3. வங்கியும் பென்ஷனும்

இதைத்தான் நான் தள்ளிப்போட்டேன். நீங்கள் முதல் மாதத்திலேயே ஆரம்பியுங்கள்.

சேமிப்புக் கணக்கையும் வைப்புத்தொகைகளையும் "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற வகைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது முதல் வேலை. இதற்கு அவர் நேரில் வந்து, புரிந்து, கையெழுத்துப் போட வேண்டும். பென்ஷன் வரும் கணக்கில் பிள்ளைகளைச் சேர்க்கப் பல இடங்களில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று சண்டை போட வேண்டாம். பென்ஷன் கணக்கு தனியாகவே இருக்கட்டும். மாதம் 5ஆம் தேதி அதிலிருந்து இவ்வளவு ரூபாய் கூட்டுக் கணக்குக்குப் போக வேண்டும் என்று ஒரு நிலையான உத்தரவை அம்மா கையெழுத்தோடு கொடுத்துவிட்டால் போதும். எனக்கு இதைச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஆனால் மிகத் தாமதமாகச் சொன்னார்.

எல்லாக் கணக்கிலும் வாரிசு நியமனம் (நாமினி) இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நியமிக்கப்பட்டவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், அதற்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். கூடப்பிறந்தவர்களோடு இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து மாறிப்போனால் காசோலை திரும்பும். எங்களுக்கு மூன்று தடவை திரும்பியது, நான்காவது தடவை கிளை அதிகாரி "கார்டியன் ஆர்டர் கொண்டு வாருங்கள்" என்று, அதாவது காப்பாளரை நியமிக்கும் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் கையெழுத்துப் போட முடியாத முதியவர்களுக்கென்றே ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது: வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தரச் சொல்லியும் 2017இல் அறிவுறுத்தியிருக்கிறது. வாயால் கேட்காமல் எழுத்தில் மனுவாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கைரேகை வழி உடல் தளர்ந்து கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கு. என்ன நடக்கிறது என்றே புரியாத நிலைக்குப் போனபின் இது நியாயமும் இல்லை, செல்லவும் செல்லாது.

உயிர்வாழ் சான்றிதழை மறந்தால் பென்ஷன் நின்றுவிடும். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கான நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஜீவன் பிரமாண் என்ற இணையவழி முறையில் கைபேசியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம், கண் சிமிட்ட வேண்டும். மாலையில் முயன்றபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். காலையில் காபி குடித்த கையோடு உட்கார வைத்தோம், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. முடியாவிட்டால் தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லலாம், கட்டணம் 70 ரூபாய்.

அப்புறம், அவர் கைபேசியில் இருக்கும் பணப் பரிமாற்றச் செயலிகளை எடுத்துவிடுங்கள், ஏ.டி.எம். வரம்பைக் குறைத்துவிடுங்கள். போலீஸ் என்றும் வங்கி என்றும் கூப்பிட்டு ஏமாற்றுபவர்களிடம் முதலில் மாட்டுவது இவர்கள்தான்.

4. பவர் பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்

எல்லோரும் சொல்வார்கள்: "ஒரு பவர் எழுதி வாங்கிடுங்க, எல்லாம் சரியாயிடும்." ஆகாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவரின் மனநிலை தெளிவிழந்ததும் அந்தப் பவர் முடிந்துபோகிறது. எப்போது உங்களுக்குத் தேவைப்படுகிறதோ அப்போது அது இருக்காது. ஆரம்பக் கட்டத்தில் சில வேலைகளுக்கு உதவும், அவ்வளவுதான். அந்தப் பவரை வைத்துப் பின்னால் வீட்டை விற்றால் வழக்கு வரும்.

உயில் எழுத அவருக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் விருப்பத்தை அல்ல, அவருடையதை. ஆரம்ப நிலையில் இருப்பவர் தன் சொத்து எது, பிள்ளைகள் யார், யாருக்கு என்ன தருகிறோம் என்று புரிந்து எழுதினால் உயில் செல்லும். அன்றைய தேதியில் மனத்தெளிவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் சான்று வாங்குங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்தில் பங்கு பெறாதவர்களாகப் பாருங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிவுசெய்வது நல்லது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர முடியாத அளவு உடல்நிலை இருந்தால், கூடுதல் கட்டணம் கட்டி அவரை வீட்டுக்கு வரச்செய்யும் வசதி பதிவுச் சட்டத்தில் உண்டு.

அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் மீதி இருப்பது உயர் நீதிமன்றம். சொத்தைப் பார்த்துக்கொள்ளக் காப்பாளரை மாவட்ட நீதிமன்றத்தில் நியமிக்கும் ஏற்பாடு பழைய 1987 மனநலச் சட்டத்தில் இருந்தது; அதற்குப் பதிலாக வந்த 2017 சட்டத்தில் அது இல்லை. அதனால் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் ரிட் மனுப் போட்டுத்தான் பலரும் உத்தரவு வாங்குகிறார்கள். மருத்துவக் குழுவின் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், சொத்து விவரம் கேட்பார்கள். எங்களுக்கு வக்கீல் செலவு 65,000 ரூபாய், ஒன்பது மாதம். தம்பி மறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்ததால் இவ்வளவோடு போனது.

5. வீட்டில் மாற்ற வேண்டியவை

குளியலறை, கழிவறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். அம்மா உள்ளே தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் நாற்பது நிமிடம் இருந்தார். கைப்பிடி, சொரசொரப்பான தரை, இரவில் எரியும் சின்ன விளக்கு இவற்றுக்கு எங்களுக்கு 9,000 ரூபாய் ஆனது. சமையல் முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை அணைத்துவிடுங்கள். அதற்காக அடுப்படியை விட்டே விரட்டிவிடாதீர்கள். அம்மா கடைசிவரை கீரை ஆய்ந்தார், காலையில் கோலம் போட்டார். புள்ளி தப்பியது. போட்டுமுடித்து நின்று பார்க்கும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவு தப்பவில்லை.

தங்கச் செயினைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு அதே மாதிரி கவரிங் செயின் போட்டுவிடுங்கள். நகைகளைப் படமெடுத்துக் கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பின்னால் வரும் பெரிய மனஸ்தாபம் ஒன்று இதனால் தவிரும்.

வெளியே போய்விடும் பழக்கம் இன்று இல்லையென்றாலும் வரலாம். வாசல் கதவில் மணி கட்டுங்கள். கழுத்தில் மாட்டும் அட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். உங்கள் கைபேசி எண்ணைத் துணியில் எழுதி உடையின் உட்புற ஓரத்தில் தைத்துவிடுங்கள். முழு உருவம் தெரியும் சமீபத்திய படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும். காணவில்லை என்றால் 24 மணி நேரம் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 112.

6. பேச்சும் அன்றாடமும்

தினமும் மாலை ஐந்து மணியானால் அம்மா பையை எடுத்துக்கொள்வார். "லால்குடி பஸ் போயிடும், வீட்டுக்குப் போகணும்." அவர் பிறந்த வீடு லால்குடி பக்கம், அது இடிந்து இருபது வருடம் ஆகிறது. "இதுதாம்மா உன் வீடு" என்று நான் சொல்லச் சொல்லக் கோபம் ஏறும். தன் அம்மா எங்கே என்று அவர் கேட்டபோது, பாட்டி செத்துப்போய்விட்டார் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல அழுதார். மறுநாளும் அதே கேள்வி. மறுபடி சொன்னால் மறுபடி அழுவார்.

அதன்பிறகு மறுப்பதை விட்டுவிட்டேன். "போகலாம்மா, பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்." காபி குடிக்கும்போது லால்குடி வீட்டைப் பற்றிக் கேட்பேன். கிணறு, கொட்டில், அவருடைய சித்தி என்று பேசிக்கொண்டே போவார், பை மறந்துபோகும். பொய் சொல்கிறோமே என்று ஆரம்பத்தில் உறுத்தியது. அவர் கேட்பது பஸ்ஸை அல்ல, பயம் தீர ஒரு இடத்தை என்று புரிந்தபின் உறுத்தவில்லை. ஐந்து மணிக்கு முன்பே எல்லா விளக்கையும் போடுவதும் டிவி சத்தத்தைக் குறைப்பதும் உதவின.

"குளிக்க வா" என்றால் வர மாட்டார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, எண்ணெய் வைக்கட்டுமா" என்றால் வருவார். தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குப் பயந்தார், காலில் இருந்து ஆரம்பித்து மேலே வந்தால் பயமில்லை. தினமும் குளித்தே ஆக வேண்டும் என்று நிற்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டாலும் போதும்.

பணத்தை எடுத்துவிட்டாய் என்று உங்கள்மீதே பழி சொல்வார்கள். சத்தியம் செய்து நிரூபிக்க முயலாமல், "வாங்க சேர்ந்து தேடுவோம்" என்று எழுந்திருங்கள்.

7. ஆள் வைப்பது

ஹோம் கேர் ஏஜென்சி மூலம் தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதம் 22,000 ரூபாய், சாப்பாடு தனி. பதிவுக் கட்டணம் என்று 5,000 வாங்கினார்கள். எழுத்தில் வாங்க வேண்டியவை: ஆள் நின்றுபோனால் எத்தனை நாளில் மாற்று ஆள், மாதம் எத்தனை நாள் விடுமுறை, பதிவுக் கட்டணம் திரும்புமா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆள் ஊருக்குப் போய்விடுவார், அந்த ஒரு வாரத்துக்கு உங்கள் விடுப்பை முன்பே எடுத்து வையுங்கள். வருபவரின் ஆதார் நகல் வாங்கி, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். அவருக்கும் தூங்க எட்டு மணி நேரமும் தனியாக ஒரு இடமும் கொடுங்கள். எங்களிடம் முதலில் வந்த இரண்டு பேரும் தூக்கமில்லாமல்தான் போனார்கள்.

டயப்பர் மாதம் 3,000 முதல் 4,000 வரை ஆகும். வாடகைக் கட்டிலும் ஏர் பெட்டும் மருத்துவக் கருவிக் கடைகளில் கிடைக்கும், சொந்தமாக வாங்க அவசரப்படாதீர்கள்.

பணம் வரக்கூடிய வழிகளும் சில உண்டு. 70 வயதானவர்களுக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் வருடம் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது, ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான், வீட்டு ஆளுக்குக் கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுபவரானால், 80டிடிபி என்று ஆடிட்டர்கள் சொல்லும் கழிவில் மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் வரை கேட்கலாம். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்ற நிபுணர் சான்று வேண்டும்.

8. ஒரே இரவில் மோசமானால்

மறதி நோய் பெரும்பாலும் மெல்ல மெல்லத்தான் முற்றும். நேற்றுவரை நடந்தவர் இன்று எழுந்திருக்கவில்லை, ஆள் தெரியவில்லை, இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார், அல்லது நாள் முழுக்கத் தூங்குகிறார் என்றால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை ஏதாவது இருக்கும். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வாய் கோணினாலோ ஒரு பக்கம் செயலிழந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆத்திரத்தை அடக்க மாத்திரை கொடுங்கள் என்று நாமே டாக்டரை நெருக்குவோம். அந்த வகை மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாத அபாயத்தையும் உயிர் அபாயத்தையும் கூட்டுபவை. தவிர்க்க முடியாமல் கொடுத்தால், எவ்வளவு நாளைக்கு, எப்போது குறைப்பீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

9. நீங்கள்

தம்பி பெங்களூரில் இருக்கிறான், பணம் அனுப்பினான். பணம் போதாது, மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் நீயே வந்து பார்க்க வேண்டும் என்று இரண்டாம் வருடத்தில்தான் வாய்திறந்து சொன்னேன். வந்தான். முதல் வாரம் முடிந்ததும், இனிமேல் செலவுக் கணக்கு கேட்க மாட்டேன் என்றான். முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தூக்கம் போய், கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வரும் நாள் வந்தால் பக்கத்து அறைக்குப் போய் 14416ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள். முதியோர் சம்பந்தமான எதற்கும் 14567. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பும், மறதி நோய்க்கான இந்தியச் சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.யின் சென்னைக் கிளையும் மறதி நோயுள்ளவர்களின் குடும்பங்களோடு வேலை செய்கின்றன. இந்த எண்களோடு குடும்ப டாக்டர், ஏஜென்சி, பக்கத்து வீட்டுக்காரர் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் ஒட்டுங்கள், மாத்திரை மாறினால் அன்றே மாற்றி எழுதுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தால், உடன் போகிறவர் அதைக் கிழித்து எடுத்துப் போனால் போதும்.